இன்சூரன்ஸ் பணம் போதாதபோது: வடசென்னையில் விபத்து நஷ்டஈடு கேட்டு வாங்கும் வழி

விபத்தில் உடம்பில் அடிபட்டவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ எதிர்வண்டியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பே கிடையாது. சொத்துச் சேதத்துக்கு மட்டும்தான் வரம்பு. கார், லாரி பாலிசிகளில் அது வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம். ஆகவே ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து "பாலிசியில் இவ்வளவுதான் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும் அது சட்டம் இல்லை, பேரம்.

பணம் போதாமல் போவதற்குக் காரணங்கள் வேறு. எதிர்வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லாமல் இருக்கலாம். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி நழுவலாம். உங்கள் வருமானத்தையும் ஊனத்தையும் குறைத்துக் கணக்குப் போடலாம். இடித்த வண்டி எதென்றே தெரியாமல் இருக்கலாம். உங்கள் சொந்தக் கம்பெனி ரிப்பேர் பில்லில் பாதியை வெட்டியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி தனி. ஆனால் எல்லா வழியும் முதல் இரண்டு நாளில் உருவாகும் காகிதங்களில்தான் தொடங்குகிறது.

முதல் இரண்டு நாள்

108-இல் ஸ்டான்லிக்கோ ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ கொண்டுபோனால் அங்கே விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார்கள். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். வழக்கின் அஸ்திவாரமே இந்த ஒரு பக்கம். அதில் "சாலையில் கீழே விழுந்து காயம்" என்று எழுதிவிட்டால், எந்த வண்டியும் மோதவில்லை, தானாக விழுந்தவர் என்று கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார். பதற்றத்தில் கூட வந்தவர் சொன்ன அரைகுறை வார்த்தைதான் அங்கே பதிவாகும். அதனால் கூடப் போகிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்: எந்த நேரம், எந்த இடம், எந்த வகை வண்டி, தெரிந்தால் வண்டி எண். "இரவு 9.30, எர்ணாவூர் மேம்பாலம் அருகே, காரில் போகும்போது பின்னால் வந்த டிரெய்லர் மோதியது" என்ற அளவுக்கு இருந்தால் போதும்.

தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் போலீசுக்குத் தகவல் போயிற்றா என்று கேளுங்கள். சிகிச்சைச் செலவுக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கேட்கக் கூடாது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள்வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய்வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. அட்மிஷன் கவுன்டரிலேயே இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வண்டி எண் விஷயத்தில் வடசென்னைக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம் உள்வட்டச் சாலை எங்கும் ஓடுவது கன்டெய்னர் டிரெய்லர்கள். இழுக்கும் வண்டிக்கு ஒரு பதிவெண், பின்னால் இருக்கும் டிரெய்லருக்கு வேறொரு பதிவெண். உரிமையாளரும் பாலிசியும்கூட வேறாக இருக்கலாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நம்பர் பிளேட்டையும் போட்டோ எடுங்கள். பின்னால் இருக்கும் எண் மட்டும் கிடைத்து, அதற்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்ததும் மனம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இழுவை வண்டியின் பாலிசி உயிரோடு இருக்கலாம்.

எண் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை என்று காட்டும். அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கையில் தருவார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. எஃப்.ஐ.ஆர். எண் வரும்வரை விடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், அஜாக்கிரதையாக ஓட்டியதற்குப் பிரிவு 281, காயத்துக்கு 125, மரணத்துக்கு 106 என்று பிரிவுகள் இருக்கும். காயம் எலும்பு முறிவா, வெறும் சிராய்ப்பா என்பது பிரிவிலேயே தெரியும். ஸ்கேனில் முறிவு தெரியவந்தால் அந்த ரிப்போர்ட்டைப் புலன் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லுங்கள்.

மோதியது யார் என்பதில் தகராறு இருந்தால் கேமராப் பதிவுதான் உயிர். கடைகளில் இருக்கும் கேமராக்கள் சில வாரங்களில் பழையதன் மேலேயே புதியதைப் பதிவு செய்துவிடும். துறைமுக நுழைவாயிலில் உள்ளே போகும் ஒவ்வொரு டிரெய்லரின் எண்ணும் நேரமும் பதிவாகும். இதையெல்லாம் நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள், போலீஸ் கேட்டால் தர வேண்டும். "இன்ன கடை, இன்ன நேரம், இன்ன கேமரா" என்று எழுதி இன்ஸ்பெக்டருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பிறகு பதிவு அழிந்தாலும், நீங்கள் கேட்டீர்கள் என்பதற்குச் சான்று இருக்கும்.

ஆறு மாதக் கெடு

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-இன் கீழ் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு மனு போட, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தக் கெடு வந்திருக்கிறது. அதற்கு முன் காலக்கெடுவே இல்லாத காலம் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டில் அனுபவப்பட்டவர் "கால் சரியாகட்டும், மெதுவாகப் போடலாம்" என்று சொல்வது அந்தப் பழைய நினைப்பில். கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி உங்கள் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சை முடியாவிட்டாலும் மனுவைப் போட்டுவிட்டு, பில்களைப் பின்னால் சேர்க்கலாம்.

2022 விதிகளின்படி போலீசுக்கும் கெடு உண்டு. முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்தில், இடைக்கால அறிக்கை 50 நாளில், விரிவான விபத்து அறிக்கை 90 நாளில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறையில் அதை மட்டும் நம்பியிருக்காமல் தனியாக மனு போடுவதே பத்திரம். ஆனால் அடிபட்டவர் நிரப்ப வேண்டிய படிவம் 6-ஐ விசாரணை அதிகாரியிடம் கேட்டு வாங்கி, குடும்பம், வருமானம், செலவு எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, இரண்டு வண்டிகளின் ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, கடைசியில் சார்ஜ் ஷீட்: இவ்வளவும் வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் சாலை விபத்து ஆவணங்களைக் கட்டணம் கட்டித் தரவிறக்கலாம். ஸ்டேஷனுக்கு அலைவதைவிட இது மேல். வரைபடத்தை வாங்கியதும் உட்கார்ந்து பாருங்கள். வண்டிகள் நின்ற இடமும் சாலையின் திசையும் மாறிப் போயிருந்தால், தவறு உங்கள் தலையில் விழும். எஃப்.ஐ.ஆர். உங்கள் மேலேயே போட்டிருந்தாலும் கதை முடிந்துவிடாது. அது முடிவான சாட்சியம் இல்லை. தீர்ப்பாயம் சாட்சிகளை விசாரித்துத் தானே முடிவுக்கு வரும்.

எங்கே போடுவது, யார் மேல் போடுவது

விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்தரப்பு இருக்கும் இடம், இவற்றில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். மீஞ்சூரில் மோதியது, ஆனால் வீடு தண்டையார்பேட்டையில் என்றால் சென்னையிலேயே போடலாம். சென்னையின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் உயர் நீதிமன்ற வளாகத்தில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. விம்கோ நகர், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து மெட்ரோவில் நேராக உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். காலில் பிளேட் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வழக்கு எண் எம்.சி.ஓ.பி. என்று தொடங்கும்.

எதிர்மனுதாரராக ஆர்.சி.யில் பெயர் இருக்கும் உரிமையாளரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். டிரைவரையும் சேர்ப்பது நல்லது. வண்டியை விற்றுவிட்டேன், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று உரிமையாளர் சொல்வார். ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை பதிவேட்டில் இருப்பவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் காரில் பயணியாகப் போய், உங்கள் காரும் லாரியும் இரண்டுமே தப்பாக ஓட்டப்பட்டு மோதியிருந்தால், முழுத் தொகையையும் இரண்டில் ஒருவரிடமிருந்தே வாங்கலாம். எவருக்கு எத்தனை சதவீதத் தவறு என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. அதனால் இரண்டு கம்பெனிகளையும் சேர்த்துவிடுங்கள். ஒன்றில் பாலிசி இல்லாவிட்டாலும் மற்றது நிற்கும். ஒரு எச்சரிக்கை: வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள தனியார் காரில் பயணம் செய்தவர்களும், பைக்கின் பின்னால் உட்கார்ந்தவர்களும் அந்த வண்டியின் பாலிசியில் வரமாட்டார்கள். ஃபுல் கவர் பாலிசியாக இருந்தால் வருவார்கள்.

அரசுப் பேருந்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேட வேண்டாம். போக்குவரத்துக் கழகமே நேரடியாகக் கட்ட வேண்டும். அதன் நிர்வாக இயக்குநர்தான் எதிர்மனுதாரர்.

கணக்கு: பணம் குறைவது இங்கேதான்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். வயது 34, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி, மாதம் 18,000 வருமானம், தொடை எலும்பு முறிந்து இனி பாரம் தூக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம்.

கம்பெனி தரப்பு இப்படிக் கேட்கும்: சம்பளச் சான்று இல்லை, ஆகவே 10,000. மருத்துவ ஊனம் 20 சதவீதம். 16 என்பது பெருக்கற்காரணி, வயதைப் பொறுத்து ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண். 10,000 × 12 × 16 × 20% என்றால் 3,84,000.

சரியான கணக்கு இப்படி வர வேண்டும். நிலையான வேலை இல்லாதவருக்கு 40 வயதுக்குக் கீழ் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்தது. 18,000 அப்போது 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கற்காரணி 16. ஆக 48,38,400. மூட்டை தூக்கும் தொழிலுக்கு அந்தக் காலால் இழந்த திறன் 40 சதவீதம் என்று நிரூபித்தால் 19,35,360. இதற்கு மேல்தான் ஆஸ்பத்திரிச் செலவு, வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, ஆட்டோச் செலவு, சத்துணவு எல்லாம்.

அதே மனிதர், அதே கால். மூன்றே முக்கால் லட்சத்துக்கும் பத்தொன்பது லட்சத்துக்கும் நடுவே இருப்பது வெறும் காகிதம்.

தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் வேறொரு வழக்கமும் உண்டு. ஊனம் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று மொத்தமாகப் போடுவது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தாலும் 40 சதவீதத்துக்கு 2 லட்சம்தான். சம்பாதிக்கும் திறனே குறைந்தவருக்கு இந்த முறை பெரிய அநியாயம். பெருக்கற்காரணி முறையில் கணக்கிட வேண்டுமானால், காயம் தொழிலை எப்படிக் கெடுத்தது என்று சாட்சியம் வேண்டும். மருத்துவச் சான்றில் "முழங்கால் மடங்கும் அளவு குறைந்தது" என்று இருந்தால் மட்டும் போதாது. கிளட்ச் மிதிக்க முடியாது, படகில் நிற்க முடியாது, குந்தி உட்கார்ந்து வெல்டிங் செய்ய முடியாது என்று டாக்டரும் சொல்ல வேண்டும், கூட வேலை செய்தவரும் சொல்ல வேண்டும். ஊனச் சதவீதத்துக்குத் தனியார் டாக்டரின் சான்றைவிட அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு கொடுப்பதற்கு மதிப்பு அதிகம். அந்தக் குழுவுக்கு அனுப்பும்படி தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். போகிற நாளில் எல்லா எக்ஸ்ரே ஃபிலிமும் கையில் இருக்க வேண்டும்.

வருமானத்துக்குச் சான்று இல்லை என்று தயங்க வேண்டாம். 2008-இல் விபத்தில் சிக்கிய ஒரு காய்கறி வியாபாரிக்கு, எந்த ஆவணமும் இல்லாமலேயே மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. உங்கள் விபத்து எந்த வருடமோ அதற்கேற்ப அது உயரும். இருந்தாலும் கிடைப்பதையெல்லாம் சேருங்கள்: நல வாரிய அட்டை, சங்க அட்டை, ஜி-பே வரவுகள், வாடகைக் கார் ஓட்டுபவரானால் செயலி காட்டும் வாரக் கணக்கு, காசிமேட்டில் தொழில் செய்பவரானால் மீனவர் நல வாரிய அடையாள அட்டை, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது. மேஸ்திரியோ முதலாளியோ எழுதிக் கொடுக்கும் கடிதம் மட்டும் போதாது, அவர் வந்து கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். வருவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதுச் சான்றிலும் கவனம் வேண்டும். 35 வரை காரணி 16, 36 தொடங்கினால் 15. மேலே உள்ள கணக்கில் அந்த ஒரு படி மட்டும் 1,20,960 ரூபாய். பலருடைய ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாக இருக்கும். பிறந்த தேதிக்கு ஆதார் சான்றல்ல, பள்ளி மாற்றுச் சான்றிதழே மேல் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படித்த பள்ளியில் போய் வாங்கிவிடுங்கள்.

பில்கள். மெடிக்கல் ஷாப்பில் தரும் வழுவழுப்பான வெப்பத்தாள் பில் நம்ம ஊர் வெயிலில் மூன்று நான்கு மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். பிளேட், ராட் வைத்திருந்தால் அதைப் பின்னால் எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். அதற்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கினால்தான் எதிர்காலச் சிகிச்சைச் செலவு கிடைக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கேளுங்கள், பிறகு அந்த டாக்டரைப் பிடிப்பது கஷ்டம்.

இறந்துபோனவருக்கான கணக்கில் ஒரு கழிவு உண்டு. அவர் தனக்காகச் செலவழித்திருப்பார் என்று, நம்பியிருப்பவர்கள் 2 அல்லது 3 பேரானால் மூன்றில் ஒரு பங்கும், 4 முதல் 6 பேரானால் நான்கில் ஒரு பங்கும், மணமாகாதவரானால் பாதியும் கழிப்பார்கள். மேலே சொன்னவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நால்வரை விட்டுப் போயிருந்தால் 25,200-இல் முக்கால் பங்கு 18,900. அதை 12-ஆலும் 16-ஆலும் பெருக்கினால் 36,28,800. மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாகப் பிரிவிழப்புத் தொகை உண்டு. 2017-இல் இதை 40,000 என்று வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். தாயை மனுவில் சேர்க்க மறந்தால் அவருடைய தொகை போய்விடும்.

மனுவில் எவ்வளவு கேட்பது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். நியாயமாக வருவது அதிகமானால், கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

கையெழுத்துப் போடுமுன்

பிரிவு 164 என்று ஒன்று இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதை ஏற்றுக் கம்பெனியோடு முடித்துக்கொண்டால் பிரிவு 166 மனு செத்துவிடும். மேலே பார்த்த 36 லட்சமும் 19 லட்சமும் அதோடு போயிற்று. தவறு யாருடையது என்று நிரூபிக்கவே முடியாத வழக்குக்கு 164 சரி. எதிர்வண்டி மேல் சார்ஜ் ஷீட் போட்டிருக்கும்போது அதை வாங்குவது சரியில்லை.

லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசமாக முடிப்பதும் அப்படித்தான். பணம் சீக்கிரம் வரும், மேல்முறையீடு கிடையாது. உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அதில் முக்கால்வாசிக்கு மேல் வந்தால் யோசிக்கலாம், பாதிக்கும் கீழே என்றால் எழுந்து வரலாம் என்பது எங்கள் கருத்து.

ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் ஏஜென்டுகளிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்புத் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழி சொல்வார்கள்.

எதிர்வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, அல்லது இருந்தும் கம்பெனி மறுக்கிறது

இரண்டும் வேறு வேறு. பாலிசி இருக்கிறது, ஆனால் டிரைவரின் லைசென்ஸ் காலாவதி என்று கம்பெனி சொன்னால், பெரும்பாலும் "முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்" என்று தீர்ப்பு வரும். அந்த உத்தரவை வக்கீல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சரக்கு வண்டியில் ஏறிப்போன பயணிக்கு மட்டும் இது கடினம்.

பாலிசியே இல்லையென்றால் உரிமையாளர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். அவரிடம் இருக்கும் பெரிய சொத்து பெரும்பாலும் ஸ்டேஷனில் நிற்கும் அதே வண்டிதான். ஆகவே வேகம் முக்கியம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை, போதிய ஜாமீன் தொகை வாங்காமல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகும் ஜாமீன் வராவிட்டால் வண்டியை ஏலம் விட்டு, வந்த பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டவேண்டும். விடுவிக்கும் மனு வந்ததா என்று விசாரணை அதிகாரியிடம் வாரம் ஒருமுறை கேளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் வண்டி வெளியே போய்விட்டால் பிறகு தீர்ப்பு வெறும் தாள்தான். உரிமையாளருக்கு வீடு, மனை, வேறு லாரி இருந்தால் விவரம் சேகரித்து, தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனு போடச் சொல்லுங்கள்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி கடைசிவரை கிடைக்காவிட்டால் பிரிவு 161: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. விண்ணப்பம் வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் போக வேண்டும். எந்த அலுவலகம் என்று ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பின்னால் வண்டி பிடிபட்டு நஷ்டஈடு வந்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அதற்காக வாங்காமல் இருக்க வேண்டாம்.

காருக்கு வந்த பணம் குறைந்தால்

ஆறு வயதுக் கார். பம்பர் 12,000, பானெட்டும் ஃபெண்டரும் 20,000, கண்ணாடி 8,000, பெயின்ட் 16,000, கூலி 15,000, மொத்தம் 71,000 என்று வைப்போம். பிளாஸ்டிக்குக்குப் பாதி, அந்த வயதுத் தகரத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவில்லை. பெயின்டில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். ஆக 55,000. அதில் 1500 சி.சி.வரை கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 54,000.

மீதி 17,000-ஐ எதிர்வண்டியின் பாலிசியில் சொத்துச் சேதமாகக் கேட்கலாம். அதுவும் இதே தீர்ப்பாயத்தில்தான். உங்கள் கம்பெனி கொடுத்ததை மறுபடி கேட்க முடியாது. கார் யார் பெயரிலோ அவர்தான் மனுதாரர். 17,000-க்காக மட்டும் தனி வழக்குப் போடுவது உழைப்புக்கு ஏற்றதல்ல. காயத்துக்கும் வழக்கு இருந்தால் கூடவே நடத்துங்கள். சர்வேயர் அறிக்கை, ஒர்க்‌ஷாப் பில், கழித்த கணக்கு மூன்றையும் வைத்திருங்கள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் உள்ள ரசீதில் "என் பாலிசி உரிமையைப் பொறுத்தவரை மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

உங்கள் சொந்தக் கம்பெனியே மறுத்தால் அல்லது அநியாயமாகக் குறைத்தால், முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். பிறகு இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மேன், அதாவது கம்பெனிமேல் வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம்வரை, மறுத்த ஓர் ஆண்டுக்குள். அல்லது இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம். எதிர்வண்டியின் கம்பெனி மேல் ஒம்புட்ஸ்மேனிடம் போக முடியாது.

தவறு முழுக்க உங்களுடையதாக இருந்தால் பிரிவு 166-இல் எதுவும் வராது. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மரணத்துக்கும், கை, கால், கண் இழப்புக்கும், முழு நிரந்தர ஊனத்துக்கும்தான் அது.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்த 30 நாளில் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். வட்டி மனு போட்ட நாளிலிருந்து வரும். தமிழ்நாட்டில் வழக்கமாக ஆண்டுக்கு 7.5 சதவீதம். கட்டாவிட்டால், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு. கலெக்டர் மூலம் நில வரிப் பாக்கிபோல வசூலிக்கச் சான்றிதழ் கேட்கவும் பிரிவு 174-இல் வழி உண்டு. போக்குவரத்துக் கழகப் பேருந்தை ஜப்தி செய்தார்கள் என்று பத்திரிகையில் படிப்பது இந்த நிறைவேற்று மனுவின் விளைவுதான்.

தொகை போதாதென்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. தகராறில் உள்ள தொகை 1 லட்சத்துக்குக் குறைவானால் மேல்முறையீடு இல்லை. கம்பெனி மேல்முறையீடு போய்விட்டதென்று நீங்கள் சும்மா இருக்காதீர்கள். அதே வழக்கில் கூடுதல் கேட்டுக் குறுக்கு மேல்முறையீடு போடலாம்.

கட்டிய பணம் தானாக வீடு வராது. எடுக்க ஒரு மனு வேண்டும், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் பாஸ்புக் நகலும் வேண்டும். ஏஜென்டு தொடங்கிக் கொடுத்த கணக்கு வேண்டாம். பிள்ளைகளின் பங்கு அவர்கள் 18 வயதாகும்வரை தேசிய வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கும். அதன் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாயின் கணக்கில் வரவு வைக்கும்படி தீர்ப்பிலேயே எழுதக் கேளுங்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட அந்தத் தாய் மறுபடி ஒரு மனுவோடு பாரிமுனைக்கு அலைய வேண்டியிருக்காது.